உழவு இயந்திரத்தின் எஞ்சின் ஒயிலில் தண்ணீர் கலத்தல்

ஐப்பசி மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கியதும் படுவான்கரை வட்டைகளில் உழவு இயந்திரங்களின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இயந்திரம் நின்றுவிடுமாயின் அயலவரின் இயந்திரம் ஓய்வாகும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்குள் வயலில் நீர் நிறைந்துவிடும்; விதைப்புப் பிந்தும்; மானாவாரி நிலமாயின் பிந்திய பயிர் கதிர் தள்ளும்போது மாரி ஓய்ந்து நீரின்றி வாடும். ஆதலின் பெரும்போகத்தில் எஞ்சின் ஒன்று பழுதடைதல், திருத்தும் கூலியோடு தீர்ந்துவிடும் நட்டமன்று.

எருமை கொண்டு வயலை மிதித்த காலத்தில் விலங்கின் நோயை அதன் கண்ணையும் சாணத்தையும் பார்த்து அறிந்தனர் நம் முன்னோர். இயந்திரத்தின் நோயை அதன் ஒயிலைப் பார்த்து அறியலாம். ஒயில் கறுத்திருத்தல் இயல்பு. அது பாற்றேநீரின் நிறத்தை அடைந்து, விரலில் தொட்டால் வெண்ணெய் போல் வழவழவென்று இருக்குமாயின் அதில் தண்ணீர் கலந்துள்ளது. அத்தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கமக்காரர் தாமே பெரும்பாலும் ஓரிரவிலும் ஒரு காலைப்பொழுதிலும் அறிந்துகொள்ள இயலும். அதனை அறியும் முறையையும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இந்நோய்க்கு ஏதுவாகவுள்ள ஒரு தவறான வழக்கத்தையும் இங்கே விளக்குவோம்.

ஒயிலும் நீரும் ஓடும் வழிகள்

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பங்கு மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேற, மற்றொரு பகுதியைச் சிலிண்டரைச் சூழ்ந்துள்ள நீர் ஏற்றுக்கொள்கிறது. அந்நீர் நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் றேடியேற்றருக்குச் சென்று ஆறித் திரும்பும். லேண்ட்மாஸ்ரர் என்ற பெயரால் நம்மவர் அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றில் எஞ்சினின் மேலுள்ள நீர்ப்பெட்டியிலேயே கொதித்து ஆவியாகிப் போகும். போன அளவுக்கு நாம் மீண்டும் ஊற்றுகிறோம்.

ஒயிலோ எஞ்சினின் அடிப்பெட்டியாகிய சம்பில் தங்கி, கிராங், பெயாறிங், பிஸ்ரன் ஆகியவற்றின் இடையே மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தில் உராயாமற் காக்கிறது. நீரின் வழியும் ஒயிலின் வழியும் ஒரே வார்ப்பிரும்பினுள் மிக அண்மையில் ஓடுகின்றன. அவ்விரண்டையும் பிரித்து வைப்பவை சிலிண்டர் ஹெட்டின் கீழுள்ள கஸ்கற்றும், லைனர் எனப்படும் உட்குழாயின் அடியிலுள்ள இறப்பர் வளையங்களும், இரும்புச் சுவருமேயாம். இவற்றுள் ஒன்று பழுதுபட்டால் நீர் ஒயிலினுட் புகும்.

லைனர் இருவகைப்படும். வெளிப்புறத்தை நீர் நேரே தொட்டு நிற்பது ஈர லைனர். எஞ்சினின் சுவரினுட் செருகப்பட்டு நீரைத் தொடாதிருப்பது உலர் லைனர். இரு சக்கர இயந்திரங்களின் கிடைநிலை ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களிற் பெரும்பாலும் ஈர லைனரே உண்டு. மாசி பேர்கசன் 35 என்னும் பெயரால் வந்த உழவு இயந்திரத்தில் இருவகை டீசல் எஞ்சின்கள் பூட்டப்பட்டன. முந்தியது நான்கு சிலிண்டர் கொண்ட ஸ்ரான்டர்ட் எஞ்சின். அது ஈர லைனர் உடையது. பிந்தி வந்தது மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் எஞ்சின். அது உலர் லைனர் உடையது. பெயர் ஒன்றேயாயினும் நோய் தோன்றும் இடம் வேறு. டீசல் தெளிக்கும் நொசில்களை எண்ணிப் பார்த்தால் தமது எஞ்சின் எவ்வகையினது என்பது எவருக்கும் விளங்கிவிடும்.

வாவி நீரும் கிணற்று நீரும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் அது கடலுடன் தொடர்பு கொள்கிறது. மாரியில் ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் வந்து சேர்வதால் வாவியின் உவர் குறையும். கோடையில் ஆற்றுநீர் ஓய்ந்து வெயிலும் காய்வதால் உவர் ஏறும். மாரியில் வாயிலிட்டுப் பார்த்து உவர்ப்பில்லை என்று கொண்ட நீர் சிறுபோக உழவுக்குள் வேறாகிவிடுகிறது. கரையோர மணற்றரைக் கிணறுகளிலும் இத்தன்மை உண்டு. அங்கே மழையால் ஊறிய நன்னீர், கீழுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. பம்பியை நெடுநேரம் ஓட்டி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து வரும். காலையில் இறைத்த வாளியும் மாலையில் இறைத்த வாளியும் ஒரே தன்மையின என்று எண்ணுதல் கூடாது.

வயலோரத்தில் வாளியும் வாவியும் அருகே இருக்க, வீட்டிலிருந்து நல்ல நீர் கொண்டுவருவோர் மிகச் சிலரே. இதனால் விளையும் கேட்டைச் சிறு கணக்கொன்றால் காட்டலாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நாவுக்கு இலேசாகவே கரிக்கும், லீற்றருக்கு 2 கிராம் மட்டும் உப்புள்ள நீரை எடுத்துக்கொள்வோம். நீர் கொதித்து ஆவியாகும் எஞ்சினில் நாளொன்றுக்கு அந்நீர் 20 லீற்றர் ஊற்றப்பட்டால், ஆவியாகப் போவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் உள்ளே தங்கிவிடும். அஃதாவது நாளுக்கு 40 கிராம். பத்து நாள் உழவில் 400 கிராம். நீர்ப்பெட்டியிலுள்ள நீர் இடையிடையே முழுவதும் வடிக்கப்படாவிடின், உப்பளத்தின் பாத்தியில் நிகழ்வதே எஞ்சினின் உள்ளேயும் நிகழ்கிறது.

இவ்வுப்பு லைனரின் வெளிச்சுவரை அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரிக்கும். இறப்பர் வளையம் அமர்ந்துள்ள பள்ளத்தில் துரு ஊதி வளையத்தைப் பிதுக்கும். கஸ்கற்றின் நீர்த்துளை விளிம்புகளைத் தின்னும். மேலும் உப்பும் சுண்ணமும் பொருக்காகப் படிந்து வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாமற் தடுப்பதால், சிலிண்டர் ஹெட் மிகையாகச் சூடேறி வளையவும் வெடிக்கவும் இடமுண்டாகும். இறப்பர் வளையமும் வெந்து மரத்துப்போகும். எஞ்சின் ஓடும்போது லைனர் அதிர்வதால் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து சுவரைக் கொத்துவதும் உண்டு. எனினும் நம் பகுதியில் வாளியால் ஊற்றப்படும் உவர்நீரையே முதற்காரணமாகக் கருதுதல் பொருந்தும்.

ஊற்றும் நீர் நல்லதோ என்று அறிய, வெள்ளைப் பீங்கான் தட்டொன்றில் அதனை ஊற்றி வெயிலில் வற்றவிடுக. தட்டில் வெண்பொருக்குத் தடிப்பாகப் படியுமாயின் அந்நீர் எஞ்சினுக்கு ஆகாது. சவர்க்காரம் நுரைக்க மறுக்கும் நீரும் ஆகாது. தூய கூரையிலிருந்து, முதன்மழையைக் கழித்துவிட்டுப் பிடித்து மூடிவைத்த மழைநீரே எளிதிற் கிடைப்பவற்றுள் சிறந்தது. மாரியில் இரண்டு பெரிய பிளாஸ்ரிக் கலன்களை நிரப்பி வைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று.

காலைச் சோதனை

ஐயம் தோன்றியதும் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. றேடியேற்றர் அல்லது நீர்ப்பெட்டி ஆறிய பின்னர் அதனை ஒரு குறியளவுக்கு நிரப்பி, அவ்வளவை ஈர்க்குக் கொண்டு அளந்து வைத்துக்கொள்க. சூடாயிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும். ஒயில் அளவுகோலை எடுத்துத் துடைத்து மீளவிட்டு, ஒயில் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்க. இரவு முழுவதும் இயந்திரத்தை அசைக்காது விடுக.

மறுநாள் காலை, எஞ்சினை இயக்குவதற்கு முன்பாக, மீண்டும் இரண்டையும் அளக்க வேண்டும். நீர் தாழ்ந்து ஒயில் உயர்ந்திருக்குமாயின் நீர் உள்ளே இறங்குகிறது, ஐயத்துக்கு இடமில்லை. நீர் தாழ்ந்து ஒயில் உயராதிருக்குமாயின் குழாய், நீர்ப்பம்பி, றேடியேற்றர் என்பவற்றில் வெளிக்கசிவு உண்டா என முதலில் நிலத்தையும் இணைப்புக்களையும் பார்க்க. வெளியே ஈரமில்லையெனின் நீர் பிஸ்ரனின் மேற்புறத்தில் சேரலாம். அதைப்பற்றிப் பின்னர் கூறுவோம். ஒயில் உயர்ந்து நீர் தாழாதிருக்குமாயின் அது பெரும்பாலும் டீசலாகும். டீசல் கலந்த ஒயில் பால்நிறம் கொள்ளாது; நீர்த்துக் கறுத்து, முகர்ந்தால் டீசல் மணக்கும். டீசலை ஏற்றும் சிறு பம்பியின் தோல் கிழிந்தாலும், நொசில் ஒழுகினாலும் இவ்வாறு நேரும். இதனையும் அசட்டை செய்தல் கூடாதெனினும், லைனரைக் கழற்ற வேண்டிய நோயன்று இது.

அடுத்து, சம்பின் அடியிலுள்ள வடி ஆணியின் கீழ் கண்ணாடிப் போத்தலொன்றைப் பிடித்து, ஆணியை முற்றாகக் கழற்றாது மெல்லத் தளர்த்துக. நீர் ஒயிலைவிடப் பாரமானது. இரவில் அடியிற் தங்கியிருக்கும். ஆதலின் முதலில் வடியும் துளிகள் நீராயிருந்து, பின்னர் ஒயில் வருவதைக் கண்ணாலேயே காணலாம். சிரட்டையளவு வடிந்ததும் ஆணியை இறுக்கிவிடலாம். ஒயில் நீருடன் கடையப்பட்டு முற்றாகப் பால்நிறமாகிவிட்டால் ஓரிரவில் பிரிந்து வராது. அந்நிலையில் நிறமே போதிய சான்று.

நீர் மிகச் சிறிதாயின் நிறத்தால் அறிதல் அரிது. அதற்கு ஒரு சோதனை உண்டு. பழைய இரும்புச் சட்டியைச் சூடேற்றி, அடுப்பிலிருந்து இறக்கி அப்பால் வைத்து, அளவுகோலின் நுனியிலிருந்து ஒரு துளி ஒயிலை அதில் விடுக. தூய ஒயில் பரந்து புகையும். நீர் கலந்த ஒயில் தாளிதத்தில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தாற்போலச் சடசடவென்று வெடிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீரும் இவ்வாறு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு துளிக்கு மேல் விடுதலும், முகத்தை அருகே கொண்டு செல்லுதலும், கொழுந்துவிட்டெரியும் நெருப்பின் மேல் இதனைச் செய்தலும் ஆபத்தாகும். அச்சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

பால்நிறம் யாவும் கசிவன்று

மாரிக்காலத்தில் காலையிற் சிறிதுநேரம் மட்டும் ஓட்டி நிறுத்தப்படும் எஞ்சின்களில், ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மஞ்சள் கலந்த வெண்ணுரை காணப்படும். எஞ்சினினுள் உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதால் உண்டாவது இது. கிணற்றடிக்குப் போய்வர மட்டும் இயக்கப்படும் இயந்திரங்களிலும், அண்மைக் கடைக்கு மட்டும் ஓடும் கார், வான் ஆகியவற்றிலும் இதனைக் கண்டு அஞ்சி எஞ்சினைக் கழற்றியோர் உண்டு. மூடியைத் துடைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் முழு வேலையில் ஓட்டிப் பார்க்க. நுரை மீண்டும் தோன்றாது, அளவுகோலில் ஒயில் தெளிந்திருக்குமாயின் அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் அளவுகோலே பால்நிறமாயிருக்கும்போது இவ்வாறு ஓட்டிப் பார்த்தல் தவறு.

வெள்ளம் மற்றொரு காரணம். 2011 சனவரியில் இம்மாவட்டம் நீரில் மூழ்கியதை எவரும் மறந்திரார். மூழ்கிய இயந்திரத்தில் அளவுகோற் குழாய், மூச்சுக்குழாய், ஒயில்சீல் ஆகியவற்றின் வழியே நீர் புகும். அவ்வாறு மூழ்கியதை வெள்ளம் வடிந்ததும் இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளல் வேண்டும். ஒயில்களனைத்தையும் வடித்து, காற்று வடிகட்டியையும் டீசல் தாங்கியையும் துப்புரவு செய்த பின்னரே கையாற் சுழற்றிப் பார்த்தல் முறை.

எந்த ஒயில் என்பதையும் நோக்குக. சேற்றுழவில் அச்சுவரை தாழ்ந்து வேலை செய்யும் இயந்திரங்களிற் பால்நிறமாவது பெரும்பாலும் கியர்ப்பெட்டியின் ஒயிலும் பின்னச்சின் ஒயிலுமேயாம். தேய்ந்த சீல்களூடாகச் சேற்றுநீர் உட்செல்கிறது. எஞ்சின் ஒயில் தெளிவாயிருக்கக் கியர் ஒயில் வெளுத்திருப்பின் றேடியேற்றரைக் குறைகூறிப் பயனில்லை.

களுதாவளை, களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம் முதலிய எழுவான்கரை ஊர்களில் மிளகாய், கத்தரி, வெண்டி முதலியவற்றுக்கு நீரிறைக்கும் சிறு பம்பிகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் காற்றாற் குளிர்வன. அவற்றைச் சூழ நீரே இல்லை. ஆகவே கஸ்கற்றின் வழியே நீர் கசிதல் என்பதும் இல்லை. அவற்றின் ஒயில் வெளுத்தால் மழை நனைந்ததா என்று பார்க்க. அத்துடன் பம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையில் நீர் சொட்டுகிறதா என்றும் பார்க்க. தண்டின் நீர்ச்சீல் தேய்ந்து ஒழுகும் நீர், அடுத்துள்ள ஒயில்சீலும் தேய்ந்திருப்பின் எஞ்சினுட் சென்றுவிடும். சீல் சிறு பொருளாதலால் கசிவு தொடங்கிய வாரத்திலேயே மாற்றிவிடலாம்.

கசியும் இடத்தைக் காணல்

நீர் உள்ளேதான் இறங்குகிறது என்று உறுதியான பின் எவ்வழியே இறங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். இவ்விடத்திற் பொறுமையுடன் ஆராய்ந்தால் பெருஞ்செலவு மிஞ்சும். மெக்கானிக் கஸ்கற்றை மாற்றித்தந்த பின் மறுவாரமே ஒயில் மீண்டும் வெளுப்பது, இடத்தைக் காணாது மருந்திட்டதன் பயனாகும்.

ஒயில் முற்றாகப் பால்நிறமாகியிராது, நீர் சிறிதளவே எனக் கண்ட இயந்திரத்தில் முதலில் ஹெட் கஸ்கற்றைச் சோதிக்கலாம். ஆறிய எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறந்து நீரை விளிம்புவரை நிரப்பி, எஞ்சினை இயக்கி, முதல் ஓரிரு நிமிடங்கள் நீரைக் கவனிக்க. கொதிப்பதற்கு வெகுமுன்னரே குமிழிகள் ஓயாது எழுமாயின், சிலிண்டரினுள் எரியும் வாயு கஸ்கற்றையோ ஹெட்டின் வெடிப்பையோ ஊடுருவி நீருக்கு வருகிறது. நீர்ப்பெட்டி திறந்துள்ள இரு சக்கர இயந்திரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நிரப்பியபோது அகப்பட்ட காற்று சில குமிழிகளாக வந்து நின்றுவிடும். நோயின் குமிழி நிற்காது. இதைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிடுக.

குமிழி இல்லையெனின் ஈர லைனரின் அடி வளையங்களில் ஐயம் கொள்ளலாம். ஒயிலை முழுவதும் வடித்து, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினாயின் கிராங் அறையின் மூடியையும், பெரிய எஞ்சினாயின் சம்பையும் கழற்றுக. உள்ளே துடைத்து உலர்த்தி, கீழே உலர்ந்த கடதாசியை விரித்து, நீர்ப்பெட்டியை நிரப்பிச் சில மணித்தியாலங்கள் விடுக. ரோச் விளக்கின் ஒளியில் லைனரின் அடிவிளிம்பைச் சுற்றிப் பார்க்க. நீர்த்துளி லைனரின் வெளிப்புறத்தால் இறங்கி அடிவிளிம்பில் தொங்குமாயின் வளையமே பழுது. லைனரின் உட்புறத்தால், பிஸ்ரனின் பக்கமாக வடிந்து வருமாயின் கஸ்கற், ஹெட்டின் வெடிப்பு, அல்லது லைனரில் விழுந்த ஊசித்துளை என்பவற்றுள் ஒன்று. சில எஞ்சின்களில் இரு வளையங்களுக்கும் நடுவே வெளியே திறக்கும் சிறு துளை அமைக்கப்பட்டிருக்கும். அதில் நீர் வரின் மேல்வளையம் போயிற்று என்பது பொருள். அழுக்கென்று எண்ணி அத்துளையை அடைத்துவிடுவோர் தமக்கு வரும் எச்சரிக்கையைத் தாமே அடைக்கின்றனர்.

றேடியேற்றரின் மூடி அழுத்தந் தாங்குவதாயின், அழுத்தமானி பூட்டிய கைப்பம்பியால் நீரில் அழுத்தம் ஏற்றிச் சோதித்தால் நுண்கசிவும் வெளிப்படும். மூடியிற் குறித்த அளவுக்கு மேல் ஏற்றுதல் கூடாது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் மட்டுமே. இச்சோதனைக்குரிய கருவி நல்ல வேலைத்தலங்களில் இருக்கும். ஹெட்டின் மயிரிழை வெடிப்பைக் காணவும் வேலைத்தலத்துக்கே கொண்டுசெல்லல் வேண்டும்.

மாறாக றேடியேற்றர் நீரின் மேல் ஒயிற் படலம் மிதப்பதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் நீரின் அழுத்தத்தினும் பன்மடங்கு அதிகம். நின்றபின் ஒயிலழுத்தம் இல்லை. ஆகவே இரண்டின் வழிகளும் நேரே இணைந்துவிட்டால் ஓட்டத்தில் ஒயில் நீருக்கும், ஓய்வில் நீர் ஒயிலுக்கும் செல்லும். ஒயிலை நீராற் குளிர்விக்கும் உறுப்புள்ள பெரிய எஞ்சின்களிலும் கார்களிலும் அவ்வுறுப்பையே முதலிற் பார்க்க.

ஓட்டுதல் ஏன் ஆகாது

உழவு முடிய இன்னும் இரண்டு ஏக்கர்தான் உண்டு. ஒயிலை மாற்றிவிட்டு ஓட்டினால் என்ன என்று கேட்போர் பலர். நீர் கலந்த ஒயில் பாரத்தைத் தாங்கும் படலமாக நில்லாது. கிராங் பெயாறிங்கின் மென்மையான மேற்படை முதலில் உரியும். பின்னர் கிராங்கே கீறுபடும். வளையத்தோடும் கஸ்கற்றோடும் தீர்ந்திருக்கக்கூடிய வேலை, கிராங்கைக் கடைசல் பிடித்து எஞ்சின் முழுவதையும் கழற்றிப் பூட்டும் வேலையாகிவிடும். புதிய ஒயிலும் அதே வழியால் இறங்கும் நீருடன் சில மணித்தியாலங்களில் வெளுத்துப்போம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் ஒயில், உதிரிப்பாகம் ஆகியவற்றின் விலை ஏறியிருப்பதால், வெளுத்த ஒயிலைத் தெளியவைத்து மீண்டும் ஊற்றும் வழக்கமும் காணப்படுகிறது. தெளிந்ததாகத் தோன்றும் ஒயிலிலும் நீரும் உப்பும் தங்கியிருக்கும். அதனை எஞ்சினுக்கு ஊற்றற்க.

இதனினும் கொடியது ஒன்று. நீர் பிஸ்ரனின் மேற்புறத்தில் சேர்ந்திருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், காற்றைப்போல் நீர் அமுங்காதாதலால், பிஸ்ரன் அதனோடு மோதிக் கொன்றொட் வளைந்துவிடும். காலையில் கைபிடியால் சுழற்றும்போது எஞ்சின் திடீரெனத் தடுத்து நிற்குமாயின் வலிந்து சுழற்றவோ, இயந்திரத்தைத் தள்ளி இயக்கவோ கூடாது. நொசிலைக் கழற்றிவிட்டு, துளைக்கு நேரே எவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, கையால் மெல்லச் சுழற்றுக. நீர் பீறிட்டு வெளியேறினால் நோய் தெரிந்துவிட்டது, எஞ்சினும் தப்பியது.

றேடியேற்றரில் மஞ்சள்தூள், முட்டை வெண்கரு என்பன இட்டுக் கசிவை அடைக்க முயல்வதும் உண்டு. வெளிக்கசிவு சிலநாள் அடைபடலாம். உட்கசிவுக்கு அது பயன்படாததோடு றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்துச் சூட்டை மிகுவிக்கும்.

திருத்திய பின்

லைனரைக் கழற்றியபோது வளையப் பள்ளத்திலுள்ள துருவையும் பொருக்கையும் சுரண்டி மென்மையாக்காது புதிய வளையத்தை இடுதல் வீண். வெளிச்சுவரில் ஆழ்ந்த குழிகள் இருப்பின் லைனரையும் மாற்றிவிடுவதே சிக்கனம். வளையத்துக்குச் சவர்க்கார நீர் பூசி, முறுகாமல் இறக்குதல் வேண்டும். ஹெட்டின் முகம் நேராயிருக்கிறதா எனத் தட்டைக் கோல் வைத்துப் பார்த்து, நட்டுக்களை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல தடவையில், கைநூலிற் குறித்த இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் சாவி இல்லாத இடத்தில் இவ்வேலையைக் கொடாதிருத்தல் நன்று.

பழைய ஒயில் வடிந்த பின்னும் குழாய்களில் பால்நிறச் சேறு ஒட்டியிருக்கும். புதிய பில்ரர் பூட்டி, விலை குறைந்த புது ஒயில் ஊற்றி, பாரமின்றிச் சில நிமிடம் மெதுவாக ஓட்டி, சூட்டோடு வடித்துவிடுக. வடிந்தது இன்னும் வெளுத்திருந்தால் மீண்டும் ஒருமுறை செய்க. அதன் பின் பில்ரரை மாற்றி உரிய ஒயிலை நிரப்புக. மண்ணெண்ணெயை மட்டும் ஊற்றி எஞ்சினை ஓட்டிக் கழுவுதல் பெயாறிங்குக்குக் கேடு.

றேடியேற்றர் உள்ள இயந்திரத்துக்கு மழைநீருடன், துருத்தடுக்கும் குளிர்திரவத்தைக் கலனிற் குறித்த அளவிற் சேர்த்தல் நன்று. பனிக்கட்டி உறையாத நம் நாட்டுக்கு அது வேண்டியதில்லை என்பர் சிலர். உறைதலைத் தடுப்பதற்கன்று, துருவைத் தடுப்பதற்கே அதனை இடுகிறோம். அத்திரவம் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் கன்றுகாலிகளும் அணுகாதவாறு வைத்தல் வேண்டும். நீர் ஆவியாகிப்போகும் எஞ்சின்களில் நல்ல நீரே போதும். ஆயினும் வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், அடியிலுள்ள குழாய்த்திறப்பால் முழுவதையும் வடித்துப் புதுநீர் நிரப்புக. வயலிடையே வேறு நீர் கிடையாமல் உவர்நீரையே ஊற்ற நேர்ந்தால், அன்று மாலையே ஆறவிட்டு வடித்து நன்னீரால் இருமுறை அலசிவிடுக.

முதற் பத்து மணித்தியால வேலைவரை நாள்தோறும் காலையில் அளவுகோலையும் நீர்மட்டத்தையும் பார்த்து, ஊற்றும் நீரைப் போத்தற் கணக்கிற் குறித்துவருக. ஐயம் நீங்காதோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அக்குறிப்பையும், சிறு போத்தலில் ஒயில் மாதிரியையும் கொண்டு செல்லலாம். வடித்த பழைய ஒயிலை மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய ஒயில் வாங்குவோரிடம் கொடுக்க. எழுவான்கரை மணலில் ஊற்றிய ஒயில் கிணற்றுக்கும், படுவான்கரை வாய்க்காலில் ஊற்றியது வாவிக்கும் செல்லும்.